கீழே ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி முடிந்து பேப்பரைப் பிரிக்கிற நேரம் பார்த்து, எட்டாவது படிக்கும் மகள் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். டெஸ்டில் இரண்டு மார்க் போய்விட்டதாம்.

"ஆன்சர் கரெக்ட்தாம்ப்பா. வட்டத்தை மட்டும் நிரப்பாம விட்டுட்டேன். அதுக்குப் போய் ரெண்டு மார்க்கா?"

கணக்கு இதுதான் (எக்ஸ் வரும் இடத்தில் 'அ' போட்டிருக்கிறேன், கீபோர்டை மாற்றி மாற்றித் தட்ட சோம்பல்): −3 ≤ 2அ + 1 < 7. இரண்டு அசமன்பாடுகளை ஒரே வரியில் கோர்த்த கூட்டு அசமன்பாடு. மூன்று இடத்திலும் 1-ஐக் கழித்தால் −4 ≤ 2அ < 6. எல்லாவற்றையும் 2-ஆல் வகுத்தால் −2 ≤ அ < 3. எண்கோட்டில் இதை வரையும்போது −2-ல் நிரப்பிய வட்டம், 3-ல் வெற்று வட்டம், நடுவே தடித்த கோடு. −2 சேர்த்தி, 3 சேர்த்தி இல்லை. மகள் இரண்டு பக்கமும் வெற்று வட்டம் போட்டிருந்தாள்.

நான் மிஸ் பக்கம் பேசினேன். முறைத்துவிட்டு, "இந்தக் குறியெல்லாம் யார்தான் கண்டுபிடிச்சாங்களோ!" என்று போய்விட்டாள். எனக்கும் தெரியவில்லை. பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? தேட ஆரம்பித்தேன், இரண்டு ராத்திரித் தூக்கம் போனது.

முதல் ஆச்சரியம், குறி வருவதற்கு வெகுகாலம் முன்பே விஷயம் இருந்திருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டார். வட்டத்துக்கு உள்ளே ஓர் அறுகோணம், வெளியே ஓர் அறுகோணம். பக்கங்களை 12, 24, 48 என்று இரட்டித்துக்கொண்டே போய் 96-ல் நிறுத்தினார். உள்ளே இருப்பதன் சுற்றளவை விட வட்டம் பெரியது, வெளியே இருப்பதை விடச் சின்னது. அவருக்குக் கிடைத்த விடை: 3 10/71-ஐ விட அதிகம், 3 1/7-ஐ விடக் குறைவு.

விடை ஒரு எண் இல்லை, கவனித்தீர்களா? இரண்டு வேலிகள். இடைவெளி 497-ல் ஒரு பங்குதான். நாம் பள்ளிக்கூடத்தில் பையின் மதிப்பு 22/7 என்று மனப்பாடம் செய்தோமே, அது அவர் போட்ட மேல்வேலி. பை அதைத் தொடாது என்று அவர் தெளிவாகச் சொல்லியும், நாம் வேலியையே வீடு என்று எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ஆர்க்கிமிடீஸிடம் < கிடையாது. எல்லாம் வாக்கியத்தில்தான். குறி அச்சில் வர 1631 வரை, அதாவது 1,800 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கொண்டுவந்தவர் தாமஸ் ஹாரியட் என்ற இங்கிலாந்துக்காரர். இந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1585-ல் வால்டர் ராலே அனுப்பிய கூட்டத்தோடு அமெரிக்காவின் ரோனோக் தீவுக்குப் போனார். அங்கிருந்த மக்களின் பேச்சைக் கற்று, அதற்கு ஓர் எழுத்துமுறை செய்தார். 1609-ல் கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்துப் படம் போட்டார். அமெரிக்காவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் புகையிலையைப் புகழ்ந்தவர், கடைசியில் மூக்கில் புற்றுநோய் வந்து 1621-ல் இறந்தார். ஆயிரக்கணக்கான பக்கம் கணக்கு எழுதியும் உயிரோடு இருந்தவரை அதில் எதையும் அச்சிடவில்லை. பத்து வருஷம் கழித்து நண்பர்கள் தொகுத்துப் போட்ட புத்தகத்தில்தான் <, > இரண்டும் வந்தன. அவர் கையெழுத்தில் கோடுகள் வளைந்து வேறு மாதிரி இருந்தன. இன்று நாம் எழுதும் நேர்கோடு அச்சில் வந்த வடிவம்.

அவரைப் புதைத்த இடம் எது தெரியுமா? லண்டனில் த்ரெட்நீடில் தெருவில் ஒரு சர்ச். 1780-ல் நகரத்தில் கலவரம் வந்தது. பக்கத்திலிருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு, சர்ச் கோபுரத்தில் ஏறி யாராவது தாக்கிவிட்டால் என்ற பயம். சில வருஷத்தில் சர்ச்சை இடித்து அந்த இடத்திலும் பேங்கைக் கட்டினார்கள். ஹாரியட்டுக்கு 1971-ல் வைத்த நினைவுப் பலகை பேங்குக்குள்தான் இருக்கிறது. இதைப் படித்தபோது ஒரு வங்கிக்காரனாக எனக்குக் கொஞ்சம் உரிமை வந்த மாதிரி இருந்தது!

அதே 1631-ல் வில்லியம் ஆட்ரெட் என்ற பாதிரியாரும் ஒரு கணக்குப் புத்தகம் போட்டார். பெருக்கலுக்கு × குறி தந்தவர் அவர்தான். பெரியது, சிறியதுக்கும் அவர் வேறு குறி வைத்திருந்தார், பெட்டியில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்ட மாதிரி. எது எது என்று குழப்பும். அவருடைய × நின்றது, பெட்டிகள் கொஞ்ச காலம் ஓடி மறைந்தன.

எண்கோடும் தாமதம்தான். 1685-ல் ஜான் வாலிஸ், முன்னால் 5 கஜம் நடந்து பின்னால் 8 கஜம் வந்தவன் எங்கே நிற்பான் என்று கோடு போட்டுக் காட்டினார். −3 என்பதற்கு ஓர் இடம் கிடைத்தது. மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி ஏன் திரும்புகிறது என்று மகளுக்கு நான் விளக்கியதும் இந்தக் கோட்டை வைத்துத்தான். கையில் 5 ரூபாய் இருப்பவன் 3 ரூபாய்க்காரனை விட வசதி. அதையே கடனாக்கிப் பார், 5 ரூபாய் கடன்காரன்தான் கீழே.

சரி, மகளின் இரண்டு மார்க்குக்கு வருவோம். "அல்லது சமம்" என்பதைக் குறியிலேயே சேர்க்க வேண்டும் என்று ஹாரியட் புத்தகத்தில் இல்லை. 1670-ல் அதே வாலிஸ் குறிக்கு மேலே ஒரு கோடு போட்டார். 1734-ல் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் கீழே இரட்டைக் கோடு போட்டார். நாம் இன்று போடும் ஒற்றைக் கோடு அதன் சுருக்கம். ஆக, பெரியது சிறியது வந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் ஓரத்தில் நிற்பவன் உள்ளேயா வெளியேயா என்பதற்குக் கோடு கீழே வந்திருக்கிறது.

அந்த ஓரத்தில் ஒரு பெரியவரை நான் நிறுத்தியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒரு சின்ன ஊர்க் கிளை. டிடி கமிஷனுக்கு வந்த சர்க்குலரில், 10,000 வரை ஒரு ரேட், அடுத்த வரியில் 10,000 முதல் இன்னொரு ரேட். பெரியவர் மகன் காலேஜ் ஃபீஸுக்குச் சரியாக 10,000-க்கு டிடி கேட்டார். நான் இரண்டாவது ரேட்டைப் போட்டேன். "போன தடவை பக்கத்து கவுண்டர்ல கம்மியா வாங்கினாங்களே தம்பி" என்றார். சர்க்குலரைத் திருப்பிக் காட்டி, குரலை உயர்த்தித்தான் பேசினேன். வேட்டி மடிப்பிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து, "10,000-க்கு மேல்" என்று திருத்திய சர்க்குலர் வந்தது. அவரிடம் திருப்பித் தர எடுத்து வைத்த பணம் டிராயரிலேயே கிடந்தது. எனக்கு மாற்றல் வரும்வரை அவர் அந்தக் கிளைக்கு வரவில்லை.

இதை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ ஆர்க்கிமிடீஸுக்கு வட்டத்தை நிரப்பணுமா?" என்றாள்.

வேண்டாம், ரெண்டுமே வெற்று வட்டம், பை ரெண்டையும் தொடாது என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 3-லிருந்து 4 வரை கோடு இழுத்து, 3 10/71-ல் ஒன்று, 3 1/7-ல் ஒன்று வரைந்து பார்த்தாள். பென்சில் மழுங்கிப் போயிருந்தது. இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன. ஷார்ப்னர் தேடப் போனாள்.