கனடாவின் வான்குடைப் படைப்பிரிவும் பொறுப்பேற்றலும்

1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கனடா அரசு தன் வான்குடைப் படைப்பிரிவை முற்றிலுமாகக் கலைத்தது. 1968இல் தோற்றுவிக்கப்பட்ட அப்பிரிவு, விமானத்திலிருந்து குதித்துப் போரிடப் பயின்ற தேர்ந்த வீரர்களைக் கொண்டது; அந்நாட்டுப் படையின் பெருமையாக மதிக்கப்பட்டது. ஒரு பிரிவையே இல்லாமற் செய்தது கடுமையான தண்டனை என்று அந்நாளில் பலர் எண்ணினர். நாம் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. கலைத்தல் வேறு, கணக்குக் கேட்டல் வேறு. முன்னது நடந்தேறியது, பின்னது பாதியில் நிறுத்தப்பட்டது.

1992 டிசம்பரில் இப்பிரிவு சோமாலியாவின் பெலெட்வெய்ன் நகருக்கு அனுப்பப்பட்டது. உள்நாட்டுப் போராலும் பஞ்சத்தாலும் நலிந்த மக்களுக்கு உணவு சென்றடையக் காவல் செய்வதே அதன் பணி. 1993 மார்ச்சு 4ஆம் நாள் இரவில், முகாமை நெருங்கி வந்த இரு சோமாலியர் சுடப்பட்டனர், ஒருவர் இறந்தார். மார்ச்சு 16ஆம் நாள் ஷிடேன் அரோனே என்னும் பதினாறு வயதுச் சிறுவன் முகாம் எல்லைக்குள் பிடிபட்டு, கட்டப்பட்டு, பல மணி நேரம் அடிக்கப்பட்டு மாண்டான். அவனை வதைத்தவர்கள் அவன் அருகில் நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். அடித்தவர் சிலரே. ஆனால் அவ்வோலத்தைக் கேட்டவரும், எட்டிப் பார்த்துச் சென்றவரும் பலர். அவர்களுள் ஒருவரும் தடுக்கவில்லை.

இதனைச் சில முரடர்களின் தீச்செயல் என்று சொல்லி முடித்துவிடலாமா? முன்நிகழ்ச்சிகள் அதற்கு இடம் தருவதில்லை. பிரிவின் மூன்று கமாண்டோக்களுள் இரண்டாவதில் ஒழுங்கு குலைந்திருந்ததைத் தலைமை நன்கு அறிந்திருந்தது. 1992 அக்டோபரில் பெட்டவாவா முகாமில் மேலாள் ஒருவரின் மோட்டார் வண்டி கொளுத்தப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போராடிய தென்மாநிலங்களின் கொடியை அவ்வீரர்கள் தங்கள் அடையாளமாகக் கொண்டிருந்தனர். குற்றவாளிகள் முன்வந்து ஒப்புக்கொள்ளாவிடில் அக்கமாண்டோவை விட்டுவிட்டே சோமாலியாவுக்குச் செல்வதெனப் பிரிவின் தளபதி மோர்னோ கருதினார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை; அம்மாதமே அவர் பதவியினின்று நீக்கப்பட்டார். வேறொரு தளபதி வந்தார், கமாண்டோவும் கப்பலேறியது. நம் பார்வையில் அரோனேயின் மரணத்துக்கான வழி இங்கேயே திறக்கப்பட்டது.

வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட மலேரியாத் தடுப்பு மருந்து அவர்கள் அறிவைக் கலக்கியிருக்கலாம் என்று பின்னர் வாதிடப்பட்டதும் உண்டு. அம்மருந்து ஒருசிலர் மனத்தைப் பாதித்திருக்கக்கூடும். எனினும், உட்புகுவோரை வதைக்கலாம் என்னும் பொருள்பட உத்தரவு தந்த அதிகாரியின் வாய்ச்சொல்லை மருந்து பிறப்பிக்கவில்லை.

தண்டனைகளின் அளவு நோக்கத்தக்கது. முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வீரர் காவலில் தூக்கிட்டுக்கொள்ள முயன்று மூளை பாதிக்கப்பட்டதால், விசாரணைக்கு ஏற்றவரல்லர் எனக் கண்டறியப்பட்டார். அவரோடிருந்த கடைநிலை வீரர் ஐந்தாண்டுச் சிறை பெற்றார். உத்தரவு தந்த மேஜருக்கு முதலில் கிடைத்தது கடுங்கண்டனம் மட்டுமே. மேல்முறையீட்டின் பின்னரே மூன்று மாதச் சிறையும் பணிநீக்கமும் வந்தன. சோமாலியாவில் பிரிவை நடத்திய தளபதி இருமுறை விசாரிக்கப்பட்டு இருமுறையும் விடுவிக்கப்பட்டார். படிநிலை உயர உயரத் தண்டனை இளைத்துப் போயிற்று.

மார்ச்சு 4ஆம் நாள் மரணத்தைப் பற்றி வாய் திறந்தவர் படை மருத்துவர் பாரி ஆம்ஸ்ட்ராங். இறந்தவர் முதலில் காயமுற்று, பின்னர் அண்மையிலிருந்து சுடப்பட்டார் என்பது உடலைக் கண்ட அவர் முடிவு. 1994இல் அக்கூற்று வெளிப்பட்டது. 1995 ஜனவரியில், இனவெறிப் பேச்சும் புதியவர்களை இழிவுபடுத்தும் சடங்குகளும் அடங்கிய ஒளிநாடாக்கள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. சில நாள்களுக்குள் அமைச்சர் பிரிவைக் கலைப்பதாக அறிவித்தார். சிறுவனின் மரணம் ஈராண்டுகளில் செய்யாததை ஒளிநாடா சில நாள்களில் செய்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நீதிபதி லெட்டூர்னோ தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழு 1995இல் அமைக்கப்பட்டது. அது படைவீரரைக் கடந்து தலைமையகத்தை நோக்கியபோதே இடர்கள் பெருகின. செய்தியாளர் ஒருவருக்குத் தரப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் புவாயில் 1996 அக்டோபரில் பதவி துறந்தார். 1997 ஜனவரியில், புதிய பாதுகாப்பு அமைச்சர் விசாரணையை விரைவில் முடிக்குமாறு கட்டளையிட்டார். அவ்வாண்டு ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜூலை 2ஆம் நாள் ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. பழியைக் கீழ்நிலையினர்மீது சுமத்திவிட்டு மேல்நிலையினர் விலகிக்கொண்டதை அது தெளிவாகக் கண்டித்தது. 1998இல் படையினருக்கெனத் தனிக் குறைகேள் அதிகாரி நியமிக்கப்பட்டதும், இராணுவ நீதிச் சட்டம் திருத்தப்பட்டதும் அதன் பின்விளைவுகள், அவை சிறியனவல்ல. எனினும் காலம் குறுக்கப்பட்டதால், எந்த இரவின் பொருட்டு அக்குழு பிறந்ததோ அந்த மார்ச்சு 16ஆம் நாள் இரவை அது முழுமையாக ஆராய இயலாமற் போயிற்று. முதன்மைக் குற்றவாளி எனப்பட்டவர் மீதான வழக்கும் 2008இல் திரும்பப் பெறப்பட்டது.