அவையல் கிளவியும் சாதிப் பெயர்களும்

அவையில் வழங்கத் தகாத சொற்களை விலக்குதல் தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. அவையல் கிளவியை மறைத்துக் கூறுமாறு தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனையும் தகுதி வழக்காகக் கொண்டார். இவற்றைக் காட்டி, இழிசொல் விலக்கும் இக்கால முயற்சியும் அம்மரபின் வளர்ச்சியே என உரைப்பாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. இடக்கரடக்கல் கேட்போரின் நாணத்தைக் காப்பது. சொல்லாற் சுட்டப்படுவோரின் மானம் அவ்விதியில் இடம்பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பெயர் மாற்றம் வேண்டி நின்றவரோ சுட்டப்பட்டவரே ஆவர்.

இதற்குத் தக்க சான்று திருவில்லிபுத்தூர், மகாராஜபுரம், சிவகாசி ஆகிய ஊர்களைக் கொண்ட வட்டாரத்திலேயே உண்டு. இவ்வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்துச் சாணார் குறித்துக் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர்தம் அறிவையும் ஒழுகலாற்றையும் அந்நூல் தாழ்த்திக் கூறியது. தமிழுக்கு ஒப்பிலக்கணம் தந்த அறிஞரின் எழுத்தே ஒரு மக்கட்கூட்டத்தின் தீராத மனப்புண்ணாயிற்று. 1880களில் அதற்கு எதிராகக் கடும் மறுப்புகள் எழுந்தன. 1899இல் சிவகாசியில் பெருங்கலகம் நிகழ்ந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் அரசு பழைய பெயரை விடுத்து 'நாடார்' என்பதை ஏற்றது. முன்னர் நிலவுரிமை பெற்ற சிலர்க்கே உரியதாயிருந்த பெயர் அனைவர்க்கும் உரியதாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது.

'பறையன்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சிக்கலுடையது. புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், கடம்பன் என்பாரோடு பறையனையும் சிறப்புடைய குடியாகவே எண்ணுகின்றார். ஆண்டு இழிவுக் குறிப்புச் சிறிதும் இல்லை. எனவே இழிவு சொல்லின் பிறப்பிலன்று, அதனை வழங்கிய வாயில் ஏறியது எனல் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார்; வசையாக வீசப்பட்ட பெயரை மறைத்தொழிக்காது, தலைநிமிர்ந்து ஏற்பதே தக்கது என்பது அவர் நெறி. அயோத்திதாசரோ அப்பெயர் பிறர் சுமத்தியதெனக் கூறி அறவே மறுத்தார். இருவரும் தம் மக்களின் மதிப்பையே நாடினர். ஆயினும் வழி வேறாயிற்று. பின்னர் எம்.சி.இராஜா சட்டமன்றத்திற் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக 1922இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றது. அச்சொல்லினின்று பிறந்த ஆங்கில வடிவமோ, ஒதுக்கப்பட்டோர் என்னும் பொருளில் உலக அரசியலில் எவ்வகைத் தயக்கமுமின்றி இன்றும் வழங்குகின்றது. வழங்குவோருட் பலர் அது தமிழ்ச்சொல் என்றும் அறியார்.

விகுதியும் ஈண்டு ஆராயற்பாலது. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கின்பாற்பட்டதே, இலக்கண நெறியன்று என்றார் தொல்காப்பியர். ஆயின் 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையில் சாதிப்பெயர் பல 'அன்' ஈற்றனவாகவே நிற்கின்றன. அவற்றை 'அர்' என மாற்றல் வேண்டும் என்னும் கோரிக்கையை இலக்கணங் காட்டி மறுத்தல் பொருந்தாது. மதிப்பு வழக்கினாற் பெறப்படுவது என்பதே தொல்காப்பியர் கூற்றின் பொருளாதலின், அவ்வழக்கு சிலர்க்கு மட்டும் மறுக்கப்பட்டது ஏன் என்பதே வினா.

பேச்சிற் கலந்த பழமொழிகளே களைதற்கரியன. அவற்றைக் கூறுவோர் பெரும்பாலும் பகைமை கருதிக் கூறுவாரல்லர், நாப்பழக்கத்தாற் கூறுவர். கேட்போரும் நகைத்து அமைவர். அவை நாணாதவிடத்துப் பழைய விதி செயற்படாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பொதுமக்கள் காணும் இடத்து இழைக்கப்படும் இழிவைக் குற்றமாக்கியது. அங்கும் அவை உண்டு; ஆயின் காக்கப்படுபவர் வேறு. 2025 ஏப்பிரலில் 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களினின்று நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இவ்வகையினதே.

இனி, பதிப்பாசிரியர் செய்யத்தக்கது யாது? டேனியப் பாதிரியார் செஞ்சன் 1897இல் வெளியிட்ட பழமொழித் தொகுதி போன்ற நூல்களை மீளப் பதிப்பிப்போர், சாதியைப் பழிக்கும் பழமொழிகளை நீக்குதலை யாம் ஏலோம். நீக்கின் இழைத்த தீங்கின் சான்றும் உடன் அழியும். ஆயினும் அவற்றைக் குறிப்பின்றி அச்சிடுதலும் தகாது. அகராதிகளிற் 'கொச்சை', 'அருகிய வழக்கு' எனக் குறிக்கும் முறை உண்டன்றோ? அதுபோல 'இழிவழக்கு' என்பதனையும் குறித்து, எக்காலத்து யார் யாரைச் சுட்ட வழங்கினர் என்பதையும் ஓரிரு வரியில் சேர்த்தல் முதுகலை மாணவர்க்கும் இயலும் பணியே.