பைண்டரின் கைகள்

மைக்கேல் ஃபாரடேயின் வரலாற்றைப் பள்ளிப் பாடநூலில் படிக்காதவர் நம்மில் குறைவு. கொல்லன் மகன், வறுமை, புத்தகக் கடையில் வேலை, கைக்கெட்டிய நூல்களையெல்லாம் படித்தது, பின்னர் பெரும் விஞ்ஞானி ஆனது என்று அந்தக் கதை ஓடும். இதில் வறுமைக்கும் வாசிப்புக்கும் கிடைக்கும் இடம், அவர் கற்ற தொழிலுக்குக் கிடைப்பதில்லை. பைண்டிங் கடை என்பது புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்த ஓர் இடம், அவ்வளவே என்பதுபோல் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஏழாண்டுகள் ஒரு கைத்தொழிலைப் பழகிய கைகள் அதனை மறந்துவிடுமா என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தை அதன் உள்ளடக்கமாக மட்டுமே காணப் பழகிவிட்ட இலக்கிய வாசகர்களாகிய நாமாவது இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஃபாரடே 1791இல் லண்டனின் தென்பகுதியில் பிறந்தார். தந்தை நோயாளி; பட்டறை வேலை ஒழுங்காக நடக்கவில்லை. 1801இல் பஞ்சம் கடுமையானபோது வாரத்திற்கு ஒரு ரொட்டி அவர் பங்காக வந்ததாம். 1804இல், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திய புத்தகக் கடைக்கு எடுபிடிப் பையனாகச் சென்றார். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொடுப்பதும், ஒருவர் படித்து முடித்ததும் வாங்கி அடுத்தவரிடம் சேர்ப்பதும் வேலை. மறு ஆண்டே, பயிற்சிக் கட்டணம் எதுவும் வாங்காமல், ஏழாண்டு ஒப்பந்தத்தில் ரீபோ அவரைத் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். வரலாறு இந்த மனிதரை உரிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது நம் எண்ணம்.

பாரம் மடிப்பது, நூல் கோத்துத் தைப்பது, பசை தடவுவது, அழுத்தியில் வைப்பது, ஓரம் வெட்டுவது, அட்டை போடுவது என்று நாள் முழுதும் வேலை. பைண்டிங்குக்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலைப் படித்தார். படித்ததோடு விட்டாரில்லை. பழம்பொருள் கடையில் கண்ணாடிப் புட்டிகளை வாங்கி, உராய்வு மின்சாரம் உண்டாக்கும் சிறு கருவி ஒன்றைத் தாமே செய்தார். படித்தது மெய்தானா என்று கையால் செய்து பார்க்கும் குணம் அவருக்கு அந்த வயதிலேயே இருந்தது. ரீபோவின் வீட்டில் குடியிருந்த மாஸ்கரியே என்ற ஓவியர் கோட்டோவியத்தில் தொலைவும் கனமும் காட்டக் கற்றுக்கொடுத்தார். சிறுவன் பதிலுக்கு அவருடைய அறையைத் துடைத்து, பூட்ஸுக்கு மெருகிட்டான்.

1810 முதல் ஜான் டேட்டம் என்பவரின் அறிவியல் சொற்பொழிவுகளுக்குச் சென்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங். அந்தக் காசைக் கொடுத்தவர் கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட். கேட்டதை வீட்டுக்கு வந்து விரித்தெழுதி, கருவிகளின் படம் வரைந்து, நான்கு தொகுதிகளாகத் தம் கையாலேயே பைண்டு செய்தார். ஓவியரிடம் கற்றதும் ரீபோவிடம் கற்றதும் இங்கே ஒன்றாகக் கூடின. அத்தொகுதிகளை ரீபோவுக்கே சமர்ப்பித்தார். ரீபோ அவற்றைக் கடைக்கு வந்தவர்களிடம் பெருமையுடன் காட்டினார். அப்படித்தான் செய்தி வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளரை எட்டியது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி 1812இல் ஆற்றிய நான்கு உரைகளுக்கு அவர் நுழைவுச்சீட்டு கொடுத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் பயிற்சிக் காலம் முடிந்தது. தெ லா ரோஷ் என்ற வேறொரு பைண்டரிடம் கூலிக்கு அமர்ந்தார். முன்கோபியான அம்மனிதர், தமக்குப் பிள்ளைகள் இல்லையென்றும், தம்முடன் இருந்துவிட்டால் கடையே அவருக்கு வந்துசேரும் என்றும் சொன்னாராம். ரொட்டிக்கு ஏங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது சிறிய வாய்ப்பன்று. ஃபாரடே அதற்குள் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். பதில் இல்லை என்பதே வந்த பதில். டிசம்பரில் டேவிக்கு எழுதினார். இம்முறை கடிதம் தனியாகப் போகவில்லை. டேவியின் உரைகளை விரித்தெழுதி, படங்கள் சேர்த்து, முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் தாமே பைண்டு செய்த நூல் உடன் சென்றது. சொற்பொழிவாளர் ஒருவருக்கு அவர் பேச்சையே நூலாக்கி அனுப்பியிருக்கிறார்! வெறும் வாசகனால் இது இயலாது, பைண்டரால் இயலும்.

டேவி நேரில் அழைத்துப் பேசினார். ஆனால், கையிலுள்ள தொழிலை விட வேண்டாம் என்றே அறிவுரை கூறினார். இன்ஸ்டிடியூஷனின் பைண்டிங் வேலையைத் தருவதாகவும் சொன்னார். கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலை இழந்தார். 1813 மார்ச் 1ஆம் நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்திலும் மாடியில் இரண்டு அறைகளோடும் ஃபாரடே அந்த இடத்தில் அமர்ந்தார்.

பின்னர் நடந்தது உலகறிந்தது. நாம் பார்க்க விரும்புவது 1831 ஆகஸ்டு 29ஆம் நாளின் குறிப்பை. ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் செம்புக் கம்பிச் சுருள்கள், எதிர்ப் பாதியில் வேறு சுருள்கள். ஒன்றோடொன்று தொடாதிருக்கச் சுற்றுகளுக்கிடையே கயிற்று நூலும், அடுக்குகளுக்கிடையே காலிக்கோ துணியும். உறையிட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம். நம் நூலகங்களில் காலிக்கோ பைண்டிங் என்று இன்றும் வழங்குகிறதே, அந்தத் துணிதான். கோழிக்கோட்டின் பெயர் தாங்கி அங்கே போனது. நூலையும் துணியையும் இழுப்புக் குறையாமல் அடுக்கடுக்காகச் சுற்றும் பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. ஒரு சுருளில் மின்னோட்டம் தொடங்கியபோதும் நின்றபோதும் மற்றச் சுருளோடு இணைத்த கம்பியருகே இருந்த காந்த ஊசி ஆடியது. இன்றைய மின்மாற்றிகளின் மூதாதை அந்த வளையம்.

ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. நினைவாற்றலும் ஏமாற்றியது, இளமையிலேயே அதைப் பற்றிக் குறைபட்டார், நடுவயதுக்குப் பின் அது பெருந்துன்பமாயிற்று. அவருக்கு நினைவாக நின்றவை ஏடுகள். சோதனைகளை அன்றன்றே எழுதி, 1832 ஆகஸ்டு முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இட்டார். பாரங்களை வரிசை பிசகாமல் அடுக்கிப் பழகியவருக்கு இந்த ஒழுங்கு இயல்பாக வந்திருக்கும். பழைய சோதனை ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் எண்ணைப் போட்டால் போதும். அச்சிட்ட ஆய்வுரைகளிலும் இதே முறை. நம் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைக் கண்டு பெருமூச்சு விடும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

கணிதம் இல்லாத குறையை ஓவியம் ஓரளவு நிரப்பியது என்பதும் நம் கருத்து. காந்தத்தைச் சுற்றிய வெளியை அவர் சமன்பாடாகப் பார்க்கவில்லை, வளைகோடுகளாகப் பார்த்தார். இரும்புத்துகள் வகுத்த கோலங்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாத்தும் வைத்தார். பசையும் தாளும் மறுபடியும்! அந்தக் கோடுகளைக் கணிதமாக்கும் பணியை 1855இல் இளைஞர் மேக்ஸ்வெல் தொடங்கினார்.

எண்ணிட்ட குறிப்புகள் 1860 மார்ச் 6ஆம் நாள், 16,041ஆம் பத்தியோடு நின்றன. ஏழாண்டுகளுக்குப் பின் ஃபாரடே காலமானார். குறிப்பேடுகளை அவர் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கே விட்டுச்சென்றார். 1932க்கும் 1936க்கும் இடையே அவை அச்சேறின. மூல ஏடுகளை பைண்டு செய்தவரும் அவரேதான்.