தீவாந்தரமும் தொழிலாளர் இயக்கமும்

டாலிகஞ்சில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தீவாந்தரம் என்னும் சொல் அச்சம் தருவதில்லை. அவர்கட்கு இத்தீவு பிறந்த ஊர். நம் பாட்டனார் காலத்திலோ அச்சொல்லைக் கேட்ட வீட்டில் அழுகுரல் எழும். அத்தண்டனை விதிக்கப்பெற்றவருள் வ. உ. சிதம்பரனாரும் ஒருவர். அவரைக் கப்பலோட்டியவராக அறிவோம்; ஆலைத் தொழிலாளர்க்காக நின்றவராக அறிந்தவர் குறைவு.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் ஆலையில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். விடியுமுன் சென்று இருட்டிய பின் திரும்பும் உழைப்பு, வார ஓய்வில்லை, கூலியோ சொற்பம். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்காக நாள்தோறும் பேசினர். ஊரே துணை நின்றது. வேலைநிறுத்தத்தை இகழ்ந்த வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியில் எழுந்து போய்விட, அவர் மீதியை முடித்துக்கொள்ள ரயிலேறித் திருநெல்வேலி சென்றார் என்று வழிவழியாகச் சொல்வர். மார்ச் 6 இல் நிர்வாகம் இணங்கியது.

மார்ச் 12 இல் வ. உ. சி. கைதானார். அவர்மீதும் சிவாமீதும் அரச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது இரட்டைத் தீவாந்தரம், 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார், கண்ணனூரிலும் இருந்தார், 1912 இல் விடுதலையானார். அவர் இத்தீவிற்குக் கொண்டுவரப்படவில்லை. நாமும் ஒருமுறை மேடையில் மாறாகப் பேசி, பள்ளி மாணவன் ஒருவனால் திருத்தப்பெற்றோம்!

நிற்க. சென்னைப் பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்னும் இருவர், தம்மிடம் வந்து குறை சொன்ன பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளரின் துயரை வாடியாவிடம் கொண்டுசென்றனர். நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தது என்பது அவர்தம் பெருங்குறை. 1918 ஏப்ரல் 27 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவருள் ஒருவர். 1920 இல் ஆலையார் வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் தடையாணை பெற்றனர். சங்கத்திற்குச் சட்டக் காப்பு வேண்டும் என்ற குரல் அதனால் வலுத்து, 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இடையே 1921 வேலைநிறுத்தம் நம் மனத்தை வருத்துவது. ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. திரும்பியவரைத் துரோகிகள் என்றோர் உண்டு. நாம் அவ்வாறு எழுதத் துணியோம். ஆண்டு முழுதும் தெருவில் தள்ளி நிறுத்தியவனை, வேலைநிறுத்த நாளில் மட்டும் தோழனே என்றழைத்தால் அவன் எங்ஙனம் நம்புவான்?

இருப்புப்பாதைக் குமாஸ்தாவாகிய நாம் 1928 ஐக் கூறாது விடலாகாது. அவ்வாண்டு ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வண்டிகளை நிறுத்தினர். பத்து நாளில் போராட்டம் முறிந்தது. 1923 இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலருக்கு அதன் தொடர்பில் பத்தாண்டுச் சிறை விதித்தனர்; பின்னர் குறைத்தனர். 1930 இல் அவர் வெளிவந்தபோது வயது 70.