பறக்கும் வீரனும் நடக்கும் மனிதனும்

துன்பியல் நாடகத்தின் உறுப்புக்களை ஆறாக வகுத்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கண்ணைக் கவரும் காட்சியினை அவற்றுள் கலைத்தன்மை மிகக் குறைந்ததாகக் கருதினார். கதையமைப்புக்கு முதலிடமும், பாத்திரப் பண்புக்கு அடுத்த இடமும் அளித்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வழக்கு, அமெரிக்க நாட்டின் அதிவீரர் திரைப்படங்களிலே மீண்டும் எழுந்தது. வானிற் பறப்பவனையும் சுவரில் ஏறுபவனையும் மக்கள் விரும்புவது அவர்தம் ஆற்றலுக்காகவா, அன்றி அவர்தம் உள்ளத்துக்காகவா என்பதே அவ்வழக்கு.

கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர் இக்கதைக்கு வித்திட்டனர். ஜெரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைய, சூப்பர்மான் என்னும் வீரன் 1938 ஆம் ஆண்டு சித்திரக்கதை ஏடொன்றிலே தோன்றினான். பத்து ஆண்டுகளின் பின், 1948 இல், கொலம்பியா நிறுவனம் அவன் கதையைப் 15 பகுதிகள் கொண்ட தொடர்படமாக வெளியிட்டது. வீரன் வானில் எழும் வேளை வந்ததும் நடிகர் மறைந்துவிடுவார். கையால் வரையப்பட்ட உருவமே பறந்து செல்லும். பறத்தலை மெய்போலக் காட்டுதல் வேண்டுமென்பது பின்வந்தோரின் பெருங் கனவாயிற்று.

அக்கனவை நனவாக்கியவர் இயக்குநர் றிச்சட் டொனர். 1978 இல் வெளிவந்த அவரது படத்தின் தந்திரக் காட்சிகளுக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. ஆயினும், டொனர் மெய்ம்மை என்று கருதியது பறத்தலை மாத்திரம் அன்று. வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் வீழ்ந்து இறக்கின்றார். இரயிலையும் முந்தி ஓடவல்ல மகன், அவரைக் காக்கும் வழியறியாது கல்லறையருகே நிற்கின்றான். எல்லா ஆற்றலும் பெற்றவனுக்கும் இயலாத ஒன்று உண்டு என்பதை அக்காட்சி உணர்த்துகின்றது.

அதே படத்தில் மற்றுமோர் இடம் உண்டு. கூன் விழுந்த தோளும் தடுமாறும் பேச்சுமாக நிற்கும் பத்திரிகையாளன், தான் விரும்பும் பெண் அடுத்த அறைக்குச் சென்றதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து நிற்கின்றான். குரல் மாறுகின்றது, உருவமே வளர்ந்தது போலத் தோன்றுகின்றது. மறுகணம் துணிவிழந்து பழைய கோலத்துக்கே மீள்கின்றான். தந்திரக் கருவி எதுவும் அங்கே இல்லை. நடிகர் கிறிஸ்தோபர் றீவின் முதுகெலும்பும் குரலுமே அவ்வற்புதத்தை நிகழ்த்தின.

இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்திருந்தும், தயாரிப்பாளரோடு நேர்ந்த பிணக்கினால் டொனர் விலக்கப்பட்டார். றிச்சட் லெஸ்டர் அதனை முடித்து 1980 இல் வெளியிட்டார். 1983 இல் வந்த மூன்றாம் படத்திலே நகைச்சுவை மேலோங்கியது. 1987 இல் நான்காம் படம், வெட்டிக் குறைக்கப்பட்ட பணத்தில் எடுக்கப்பட்டது. நியூயோர்க் நகர வீதிக்கு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரம் ஈடாக நின்றது. ஒரே பறக்கும் காட்சி மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. மனிதனும் மங்கி, காட்சியும் நலிந்தபோது தொடர் ஓய்ந்தது. அடுத்த படத்துக்கு 19 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பணக்குறையே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறுவோர்க்கு, பாட்மன் தொடர் விடையளிக்கின்றது. 1989 இல் டிம் பேர்ட்டன் இயக்கிய முதற் படம், பெற்றோரை இழந்த ஒருவனின் இருண்ட மனத்தைக் காட்டிற்று. 1997 இல் ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய நான்காம் படத்துக்கோ பணம் வாரி இறைக்கப்பட்டது. புதுப்புது ஆடைகளும் ஊர்திகளும் விளையாட்டுப் பொருள் விற்பனையை நோக்கி அமைந்தன. நோயுற்ற மனைவியைக் காக்கத் துடிக்கும் விஞ்ஞானி ஒருவன் அதிலே எதிரியாக வருகின்றான். நெஞ்சை உருக்கவல்ல அத்துயரம், அவன் வாயில் வைக்கப்பட்ட சிலேடைகளுக்குள் அமிழ்ந்து போயிற்று. திட்டமிட்ட ஐந்தாம் படம் கைவிடப்பட்டது; அவ்வீரன் திரைக்கு மீள 2005 ஆம் ஆண்டு ஆயிற்று. வறுமையில் ஒரு தொடரும் செல்வத்தில் ஒரு தொடரும் வீழ்ந்தன. எனவே குறை பணப்பெட்டியில் இல்லை என்பது தெளிவு.

இவ்விரண்டையும் இசைவித்த படங்களும் உள. 2004 இல் சாம் றைமி இயக்கிய இரண்டாம் ஸ்பைடர்மான் படத்திலே, வீரன் வீட்டு வாடகை கொடுக்க வழியின்றி அலையும் மாணவன். கட்டுக்கடங்காது ஓடும் இரயிலைத் தன் உடலால் தடுத்து மயங்கி வீழ்கின்றான். பயணிகள் அவனைக் கைகளில் ஏந்தி உள்ளே கிடத்துகின்றனர். முகமூடியற்ற முகத்தைக் கண்டதும், தம்மைக் காத்தவன் ஓர் இளம்பிள்ளை என அறிந்து திகைக்கின்றனர். இரயில் ஓட்டம் இன்றேல் அம்முகத்துக்குப் பொருளில்லை. அம்முகம் இன்றேல் இரயில் ஓட்டம் வெறும் இரைச்சல். 2008 இல் கிறிஸ்தோபர் நோலன் இயக்கிய பாட்மன் படத்தில் பாரவண்டி ஒன்று சிக்காகோ வீதியிலே மெய்யாகவே தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டது. ஆயினும் அப்படத்தின் உச்சம், மேசையொன்றின் இருபுறமும் இருவர் பேசும் விசாரணைக் காட்சியே எனலாம். எதிரியாக நடித்த ஹீத் லெட்ஜருக்கு, அவர் மறைந்த பின்னர், 2009 இல் ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது.

ஆதலின் காட்சி கலைக்குப் பகையன்று. 2019 இல் வெளிவந்து ஏறத்தாழ 280 கோடி டொலர் ஈட்டிய அவெஞ்சர்ஸ் படத்தின் இறுதிப் போரிலே வீரர் கூட்டம் திரையை நிறைக்கின்றது. 2008 முதல் வந்த 21 படங்களில் அவர்களோடு பழகியவர்க்கு அது பிரிந்தோர் கூடும் காட்சி. பழகாதவர்க்கோ வெறும் சந்தடி. இத்தகைய படங்கள் கேளிக்கைப் பூங்காவை ஒத்தன என அதே ஆண்டில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி குறை கூறியதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே.

2017 இல் ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய லோகன் படம், மூப்பெய்தி நோயுற்ற வீரனைக் காட்டியது. ஆறாத புண்ணே இல்லாதிருந்தவனின் காயங்கள் அங்கே ஆற மறுக்கின்றன. நடக்கவும் இயலாத முதிய ஆசானை அவன் கைகளிலே தூக்கிச் செல்கின்றான். அப்படத்தின் திரைக்கதை ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. 1978 இன் பறத்தலை விஞ்சும் தந்திரங்கள் இன்று எளிதிற் கிட்டும். கல்லறையருகே நின்ற அம்மகனின் துயரத்தை விஞ்சும் தந்திரமோ இன்னும் பிறக்கவில்லை.