சக்கரம் வைத்த வீடும் மூடிய சாலையும்

2020 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், எல்க்ஹார்ட் வட்டாரத்து ஆலைகள் கதவடைத்தன. அந்நாட்டின் ஆர்.வி. வண்டிகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் வண்டி அது. நம்மூரில் கேம்பர்வேன் என்கிறோமே, அதற்குப் பெரியண்ணன். ஊரே வீட்டுக்குள் முடங்கும்போது சுற்றுலா வண்டியை யார் வாங்குவார்கள்? ஆனால் மே மாதம் மறுபடி திறந்த ஆலைகள் அந்த ஆண்டை 430,000 வண்டிகளோடு முடித்தன. அடுத்த ஆண்டு 600,000. அதுவரை அந்தத் தொழில் காணாத எண்ணிக்கை.

காரணம் எளிது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு. ஹோட்டலில் யாரோ தொட்ட கதவுப்பிடி. ஆர்.வி.யில் நம் கட்டில், நம் தட்டு, நம் கக்கூஸ்.

ஹியூஸ்டனில் வேலை செய்யும் என் பெரியப்பா மகனும் அந்தக் கோடையில் ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொலராடோ மலைகளுக்குப் போகத் திட்டம். இங்கே மலேசியாவில் ஜூன் 10ஆம் தேதிதான் மாநில எல்லை தாண்ட விட்டிருந்தார்கள். மூன்று மாதம் போலீஸ் தடுப்புகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அவர் பேச்சு வேறு உலகத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

“எல்லாமே உள்ளுக்கே இருக்குடா. ஒருத்தர் மூச்சும் நம்ம மேல படாது.”

“எண்ணெய் போட எறங்க மாட்டீங்களாண்ணே?”

“அது அஞ்சு நிமிஷ வேல.”

“கக்கூஸ் தொட்டி ரொம்பிட்டா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அத மட்டும் முகாம்ல போய்த்தான் காலி பண்ணணும்.”

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அப்போது ஏறக்குறைய இதையேதான் சொன்னது: ஆர்.வி.யில் போனால் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் அதிகம் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய்க்கும் சாமான்களுக்கும் நிறுத்த வேண்டும், இரவில் மற்ற வண்டிகளோடு முகாமில் தங்க வேண்டும். அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: போகலாமா, வேண்டாமா? அதைப் பற்றித் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த வண்டிக்கும் நோய்க்கும் இடையில் இருக்கும் பழைய உறவு எனக்குத் தெரியவந்தது.

நோயிலிருந்து தப்பக் கார் ஏறிய கூட்டத்தை அமெரிக்கா முன்பே பார்த்திருக்கிறது. 1916 கோடையில் நியூயார்க்கில் இளம்பிள்ளைவாதம் பரவியது. நகரத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். வசதியுள்ளவர்கள் பிள்ளைகளோடு மலைக்கும் கடற்கரைக்கும் கிளம்பினார்கள். சுற்றியிருந்த ஊர்கள் சாலையில் காவல் போட்டு, பிள்ளைகள் இருந்த கார்களைத் திருப்பி அனுப்பின. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நகரத்தை விட்டு வெளியேறச் சான்றிதழ் கேட்கப்பட்டது. புரூக்ளினின் இத்தாலியக் குடியேறிகள் மேல் பழி விழுந்தது. அவர்களில் பலருக்குக் காரும் இல்லை, போக இடமும் இல்லை. தப்பி ஓடுவது அன்றே வசதி சார்ந்த விஷயமாகத்தான் இருந்தது.

அந்த வசதியைத்தான் ஆர்.வி. விற்றது. படுக்கையும் கழிப்பறையும் வைத்த பியர்ஸ்-ஆரோ காரை 1910லேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் காட்சிக்கு வைத்தார்கள். 1919இல், ஸ்பானிஷ் காய்ச்சல் இன்னும் முழுசாக ஓயாத நேரத்தில், ஃபுளோரிடாவின் தம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் தொடங்கியது. காரோடு கூடாரத்தையும் டின் உணவையும் எடுத்துக்கொண்டு நாடு சுற்றுகிறவர்கள். யாரையும் சாராமல் போய்வரலாம் என்ற கனவு அன்றிலிருந்து அந்த நாட்டுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கனவை எதிர்முனையிலிருந்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. கொலராடோ மலைகளுக்கு நடுவில் இருக்கும் கன்னிசன். 1918 இலையுதிர் காலத்தில் ஸ்பானிஷ் காய்ச்சல் மலை ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தபோது, ஏறத்தாழ 1,300 பேர் வாழ்ந்த அந்த ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. பள்ளிகள் மூடின. நெடுஞ்சாலையில் தடுப்பு வைத்தார்கள். காரில் வருகிறவர் நிற்காமல் ஊரைக் கடந்து போகலாம்; நின்றால் தனிமைப்படுத்துவார்கள். ரயிலிலிருந்து இறங்குகிறவருக்கும் அதே கதி. மீறியவர்களைக் கைது செய்தார்கள். சில மாதங்கள் இப்படியே இருந்தது. அந்த மாதங்களில் நோய் அங்கே கிட்டத்தட்ட நுழையவே இல்லை. 1919 பிப்ரவரியில் தடுப்பை எடுத்தபின் அடுத்த அலை வந்தது. ஆனால் அதன் வீரியம் குறைந்திருந்தது. பிற்காலத்தில் பெருந்தொற்றை ஆராய்ந்தவர்கள், தப்பித்த ஊர்களின் சிறிய பட்டியலில் கன்னிசனைச் சேர்த்தார்கள்.

நூறு ஆண்டு கழித்து அதே வட்டாரம் மறுபடி கதவடைத்தது. 2020 மார்ச்சில் பனிச்சறுக்கு விளையாட வந்தவர்களோடு கொரோனாவும் வந்தது. 17,000 பேர் வாழும் அந்த வட்டாரத்துக்கு ஒரே ஆஸ்பத்திரி, கட்டில்கள் 24. வெளியூர்க்காரர்கள் கிளம்ப வேண்டும் என்று ஆணை போட்டார்கள். அங்கே விடுமுறை வீடு வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அதே ஆணைதான். அவர்களில் டெக்ஸாஸ்காரர்கள் பலர். டெக்ஸாஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் எதிர்த்துக் கடிதம் எழுதியது. சொந்த வீட்டுக்குள் போக ஒருவரை எப்படித் தடுக்கலாம்? சட்டப்படி நியாயமான கேள்வி. ஆனால் கன்னிசன் எண்ணிப் பார்த்தது வீடுகளை அல்ல, கட்டில்களை.

அண்ணன் போக நினைத்த ஜூலையில் அந்த ஆணை இல்லை, சாலை திறந்திருந்தது. ஆனால் அதே நேரம் ஹியூஸ்டன் ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கன்னிசன் கதையை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, “நான் அங்க சீக்காகிடுவனான்னுதான் யோசிச்சேன். நான் கொண்டுபோறது பத்தி யோசிக்கல,” என்றார். முன்பணத்தில் பாதி போயிற்று. அடுத்த ஆண்டு தடுப்பூசி போட்டபின் குடும்பத்தோடு போய்வந்தார்.

அண்ணன் யோசிக்காததை ஏழு தலைமுறையாக மறக்காத மக்களும் அந்த நாட்டில் உண்டு. 1837இல் மிசூரி ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் வணிகச் சரக்கோடு மேலே போனது. கூடவே பெரியம்மையும் போனது. ஆற்றங்கரையில் வாழ்ந்த மண்டான் இனத்தவர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருந்தார்கள். அம்மை போனபோது 150 பேர்கூட மிஞ்சவில்லை. அதே ஆற்றின் கரையில்தான் லக்கோட்டா மக்களின் செயென் ரிவர் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. 2020இல் அங்கே 12,000 பேருக்கு எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. ஏப்ரலில் அவர்கள் தங்கள் நிலத்துக்குள் வரும் சாலைகளில் சோதனைச் சாவடி வைத்தார்கள். மே மாதம் தெற்கு டகோட்டா ஆளுநர் கிறிஸ்டி நோம், 48 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். எடுக்கவில்லை. ஆகஸ்டில் அதே மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் ஊரில் மோட்டார்சைக்கிள் திருவிழா நடந்தது. பத்து நாளில் 400,000க்கும் மேற்பட்ட வண்டிகள். அங்கே போகிறவர்களை லக்கோட்டா சாவடிகள் உள்ளே விடவில்லை.

சாலையை மூடுவது எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1916இல் சாலையில் நின்ற காவல்காரர்கள் அழும் குழந்தைகளைத் திருப்பி அனுப்பியவர்கள். 2020 வசந்தத்தில் பொது முகாம்களை மூடியபோது, ஆர்.வி.யையே ஒரே வீடாகக் கொண்டவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தார்கள். “வீட்டிலேயே இருங்கள்” என்று அரசு சொன்னது. அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வீட்டை நிறுத்தத்தான் இடம் இல்லை. விருப்பத்துக்குப் போகிறவரையும் வழியில்லாமல் போகிறவரையும் ஒரே தடுப்பால் நிறுத்தினால் அது அநியாயம்.

ஆனால் இந்த வண்டியின் சுவர் யாரைக் காக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு விநோதமான பதில் ஒன்று 1969இல் கிடைத்தது. அப்பல்லோ 11 நிலவிலிருந்து திரும்பியபோது, மூவரும் ஏதாவது நிலாக் கிருமியைக் கொண்டுவந்திருப்பார்களோ என்ற பயம். அவர்களை அடைத்து வைக்க நாசா தேர்ந்தெடுத்தது ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டியை. ஆர்.வி. உலகின் புகழ்பெற்ற பெயர் அது. சக்கரங்களைக் கழற்றி, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைத்து வைத்தார்கள். இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே கசியாது. ஜூலை 24ஆம் தேதி ஹார்னெட் கப்பலில், கண்ணாடிக்கு அப்பால் நின்று அதிபர் நிக்சன் அவர்களோடு சிரித்துப் பேசினார். மூவரும் அந்தப் பெட்டியோடுதான் ஹியூஸ்டன் போய்ச் சேர்ந்தார்கள். கிருமி எதுவும் இல்லை என்று ஆகஸ்டில் வெளியே விட்டார்கள்.

நிலவுக்குப் போய்வந்த வீரர்களையே, “உங்களிடம் இருந்தால் எங்களுக்கு வரக்கூடாது” என்று சொல்லி உட்கார வைத்த வண்டி அது. உள்ளே இருப்பவர்களிடமிருந்து வெளியே இருப்பவர்களைக் காக்கத்தான் அந்தச் சுவர். 2020இல் இதே எண்ணம் மறுபடி எழுந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நோய் கொடுக்கப் பயந்த மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், முன்பின் தெரியாதவர்கள் தங்கள் ஆர்.வி.க்களை இரவல் கொடுத்தார்கள். வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. அம்மா உள்ளே, பிள்ளைகள் வெளியே, நடுவில் கண்ணாடி. எங்கேயும் ஓடாத அந்த வண்டிகள்தான் பெருந்தொற்றுக் காலத்தில் உருப்படியான வேலை செய்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டை இழுத்துக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியை இழுத்துக்கொண்டு போக முடியாது. சீக்கு வந்தால் போய்ப் படுக்கப்போவது போகிற ஊர்க்காரரின் கட்டிலில். நமக்கும் இது அந்நியமான பாடம் இல்லை. 2020 செப்டம்பரில் சபா தேர்தலுக்குப் போய்வந்தவர்களோடு தீபகற்பத்துக்கு எது வந்தது என்பதை நாம் பார்த்தோம். அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு விமானம் ஏறவில்லை.

செயென் ரிவர் சாவடிகளில் ஓட்டுநரிடம் கேட்டது பெரிய கேள்விகள் இல்லை. எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்? எதற்கு? இன்னொரு தொற்று வரும், அப்போதும் யாராவது வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசிப்பார்கள். இந்த மூன்றையும் சாவடி வரைக்கும் தள்ளிப்போடாமல், வாசலில் நின்றே கேட்டுக்கொண்டால் போதும்.