யார் இந்த மைக்கேல் சூசைராஜ்? குமரி கடற்கரையில் இருந்து ஐ.எஸ்.எல் கோப்பை வரை!

இந்திய ஃபுட்பாலில் குமரி மாவட்டத்தின் பெயரைக் கேட்க வைத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் சூசைராஜ். தேசிய லீக் விருது, ஐ.எஸ்.எல் கோப்பை, இந்திய அணியில் இடம் என மூன்றும் இரண்டே ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தன. ஆனால் அந்த வேகத்தை ஒரே ஒரு காயம் நிறுத்திப் போட்டது. என்ன நடந்தது?

எந்த ஊர்க்காரர்?

கேரள எல்லையை ஒட்டி, தூத்தூர் பகுதியில் இருக்கும் மீனவ கிராமம் இரவிபுத்தன்துறை. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்போன இந்தக் கடலோரத்தில் கிரிக்கெட்டை விட ஃபுட்பாலுக்குத்தான் மவுசு அதிகம். இங்கே 1994-ல் பிறந்தவர் சூசைராஜ். அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரர்தான். அண்ணன், தம்பி இருவரும் சென்னை சிட்டி அணிக்காக ஆடியிருக்கிறார்கள்.

விருது எப்படி வந்தது?

2017-18 ஐ-லீக் சீசன் தொடங்கியது நவம்பர் கடைசி வாரத்தில். அதே வாரம்தான் ஒக்கி புயல் தாக்கியது. தூத்தூர் வட்டார கிராமங்களில் இருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. ஊர் துயரத்தில் இருந்த அந்த சீசனில், லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் விருதை வென்றார் சூசைராஜ்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த சீசனில் 10 அணிகளில் சென்னை சிட்டி பிடித்தது 8-வது இடம். பொதுவாக விருதுகள் மேலே இருக்கும் அணிகளுக்குத்தான் போகும். கீழே கிடந்த அணியில் இருந்து ஒருவர் தேர்வானது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து எங்கே போனார்?

2018-ல் ஐ.எஸ்.எல்-லின் ஜாம்ஷெட்பூர் அணிக்கு மாறினார். அவர் கிளம்பிய அடுத்த சீசனிலேயே சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது தனிக்கதை!

2019-ல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே அணியில் சேர்ந்தார். பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது பக்க விங்-பேக்காக மாற்றினார். அதாவது எதிரணி தாக்கும்போது பின்னால் ஓடி வந்து தடுக்கணும், பந்து கிடைத்ததும் முன்னால் ஓடி கோலுக்கு வழி செய்யணும். 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனாவால் ரசிகர்களே இல்லாமல் நடந்த ஃபைனலில் சென்னையின் எஃப்.சி-யை 3-1 என வீழ்த்தி ஏ.டி.கே கோப்பையை வென்றது.

அந்தக் காயம்

2020 நவம்பர் 20, புதிய சீசனின் முதல் மேட்ச். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஏ.டி.கே மோகன் பகான் அணியில் களமிறங்கியவர், கால் மணி நேரம்கூட முடியும் முன்பே முழங்கால் காயத்தால் வெளியேறினார். அந்த சீசனே கைவிட்டுப் போனது. விங்-பேக்கின் ஆட்டமே ஓட்டமும் சட்டென்று திரும்புவதும்தான். முழங்காலில் அடி என்றால், அந்த பலத்தை மீட்க மாதக்கணக்கில் ஆகும். 2022-ல் அவர் ஒடிசா எஃப்.சி அணிக்கு மாறினார்.

ஒரே பார்வையில்

* 2017-18: ஐ-லீக் சிறந்த நடுக்கள வீரர் விருது
* 2019: கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்
* 2019-20: ஏ.டி.கே அணியுடன் ஐ.எஸ்.எல் சாம்பியன்

தூத்தூர் கடற்கரையில் பந்து உதைக்கும் பசங்களுக்கு இந்தப் பட்டியல் சொல்வது ஒன்றுதான்: சின்ன அணியில் ஆடினாலும் ஆட்டம் நல்லா இருந்தால் கண்ணில் படும்.